நடந்து பார்த்த சர்வகலாசாலை

கெலமங்கலத்துக் கடைத்தெருவில் நின்று, "சேலம் தூரமா, பெங்களூர் தூரமா?" என்று யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். சேலத்துக்குப் போய் வருவதென்றால் ஒரு பகல் முழுவதும் பிரயாணத்திலேயே கழியும். பெங்களூருக்கோ, விடியற்காலையில் காய்கறி ஏற்றிச் சென்ற வண்டிகள் உச்சி வேளைக்குள் திரும்பி விடுகின்றன. ஆனால் நம் கிருஷ்ணகிரி ஜில்லாவின் கலைக் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்கும் பெரியார் சர்வகலாசாலை 1997ஆம் வருஷம் ஏற்பட்டது சேலத்தில். அதற்கு முன்பு அந்த உரிமை இன்னும் தொலைவில், சென்னையில் இருந்தது. பூகோளம் நம் பிள்ளைகளை வடக்கே இழுக்கிறது. ராஜ்ய எல்லை தெற்கே இழுக்கிறது.

இந்த இழுபறி புதிதல்ல. ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878ஆம் வருஷம் பிறந்த ராஜாஜி, ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தபின் நேரே சென்னைக்குப் போய்விடவில்லை. பெங்களூர் ஸென்ட்ரல் காலேஜில் சேர்ந்து 1894ல் பட்டம் பெற்றார். சட்டம் படிப்பதற்காகத்தான் பிற்பாடு சென்னை சென்றார். இதில் ஒரு விசித்திரத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். அன்று பெங்களூர் மைசூர் மகாராஜாவின் சமஸ்தானத்தில் இருந்தது. எனினும் ஸென்ட்ரல் காலேஜ் சென்னை சர்வகலாசாலையுடன் இணைந்திருந்தது. படிப்பு சமஸ்தானத்தில், பட்டம் சென்னையிலிருந்து! இன்று எல்லாம் ஒரே சுதந்திர பாரதம். ஆனால் சான்றிதழ்கள் விஷயத்தில் மட்டும் அத்திப்பள்ளிக்கு அப்பால் வேறு தேசம் போலத்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்லுகிறோம்.

இரண்டு இழுப்புகள் போதாவென்று இப்போது மூன்றாவதும் ஒன்று சேர்ந்திருக்கிறது. ராகிக் கொல்லைகளும் ரோஜாத் தோட்டங்களுமாக இருந்த நம் பிரதேசத்தில், கெலமங்கலத்துக்குப் பக்கத்திலேயே, கைபேசியின் உறுப்புகளைச் செய்யும் மாபெரும் தொழிற்சாலை எழுந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மறு மாதமே சம்பளம். இதை நாம் குறை கூறவில்லை. பல வீடுகளில் அடுப்பு எரிவதே அதனால்தான். ஆனால் ரசாயன வகுப்பில் மற்றவர்கள் கேட்காத கேள்வியைக் கேட்கும் பெண் ஒருத்தி நம்மிடம் படிக்கிறாள். அவளும் அந்தப் பஸ்ஸில்தான் ஏற வேண்டுமா என்பது கொஞ்ச காலமாக நம் மனத்தை அரித்து வந்தது.

அவளுடைய தகப்பனார் சிறிய ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று மூன்று பாஷையும் பேசுவார். நம் பக்கத்தில் இது அதிசயமில்லை. அவரிடம் மேல் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "கம்பெனி பஸ்ஸு தெரு முனைக்கே வருது, சார். காலேஜுன்னா எங்க இருக்கு, எப்படிப் போகும், யாரைக் கேக்கறது, ஒண்ணும் தெரியாது. தெரியாத இடத்துக்குப் பொண்ணை அனுப்பச் சொல்றீங்களே?" என்றார். நியாயமான கேள்வி. பதிலாக அச்சிட்ட விளம்பரப் புத்தகத்தை நீட்டுவதில் பிரயோஜனமில்லை. அந்தப் புத்தகங்களில் எல்லாக் கட்டடமும் வெயிலில் மின்னுகிறது. எல்லா மாணாக்கர்களும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், மழை வந்தால் எங்கே ஒதுங்கலாம் என்பவை எந்தப் பக்கத்திலும் இல்லை. "வாருங்கள், நடந்தே பார்த்துவிடுவோம்" என்றோம். அரைப் பரீட்சை விடுமுறையில் ஒரு வேலை நாளைக் குறித்துக்கொண்டு புறப்பட்டோம். அந்தப் பெண்ணும் தகப்பனாரும் தவிர, இஞ்சினீயராக விரும்பும் பையன் ஒருவனும், வர்த்தகம் படிக்க விரும்பும் பையன் ஒருவனும் உடன் வந்தார்கள்.

ஓசூர் போய்ச் சேருவது தெரிந்த கதை. அதற்கு மேல் இப்போது ஒரு சௌகரியம் ஏற்பட்டிருக்கிறது. ஓசூர் ரஸ்தாவில் உள்ள பொம்மசந்திரத்திலிருந்து 2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் மெட்ரோ ரயிலின் மஞ்சள் பாதை ஓடத் தொடங்கியது. ஓசூரில் பஸ் ஏறிப் பொம்மசந்திரத்தில் இறங்கி, ரயிலில் ஆர்.வி. ரோடு வரை சென்று, பச்சைப் பாதைக்கு மாறி மெஜஸ்டிக், அங்கே ஊதாப் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையம். அந்த நிலையத்தின் பெயரே 'சர் எம். விசுவேசுவரய்யா, ஸென்ட்ரல் காலேஜ்.' இரண்டு முறை மாறுவது முதல் தடவை தலையைச் சுற்றும். தகப்பனார் ஒவ்வோர் இடத்திலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். நேரே மெஜஸ்டிக் போகும் பஸ்ஸும் உண்டு; ஆனால் ஸில்க் போர்டு சந்திப்பில் வண்டிகளின் நெரிசலை அநுபவித்தவர்கள் மெட்ரோவைத்தான் சிபாரிசு செய்வார்கள்.

ராஜாஜி படித்த இடம்

நிலையத்தை விட்டு மேலே வந்ததும் கருங்கல்லால் கட்டிய பழைய சீமைப் பாணிக் கட்டடம் தெரிகிறது. 1858ல் பெங்களூர் ஹைஸ்கூல் என்ற பெயருடன் ஆரம்பித்து, 1875ல் ஸென்ட்ரல் காலேஜ் என்று பெயர் பெற்ற ஸ்தாபனம் இதுதான். கூர்மாடமும் மணிக்கூண்டுமாக நிற்கும் இந்தக் கட்டடத்தின் முன்னால் பெரிய கிரிக்கெட் மைதானம் பரந்து கிடக்கிறது. நகரத்தின் நடுவில் இவ்வளவு வெறும் நிலத்தை விட்டு வைத்திருக்கிறார்களே என்று நம்முடன் வந்த பையன்கள் வாயைப் பிளந்தார்கள்.

இங்கே படித்து 1881ல் பி.ஏ. தேறியவர் விசுவேசுவரய்யா. தகப்பனாரை இளமையிலேயே இழந்தவர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தம் படிப்புச் செலவைச் சமாளித்தவர். அவருக்குப் பின் வந்தவர் ராஜாஜி. 1928ஆம் வருஷம் மார்ச்சு 16ஆம் தேதி, தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தின் கூட்டத்தில் சி.வி. ராமன் தாம் கண்ட புதிய ஒளிச் சிதறலைப் பற்றி விரிவாக எடுத்துரைத்ததும் இந்தக் காலேஜில்தான். இரண்டு வருஷத்தில் நோபல் பரிசு வந்தது. பாரத ரத்னா விருது 1954ல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது ராஜாஜியும் ராமனும் பெற்றார்கள். மறு வருஷம் விசுவேசுவரய்யா பெற்றார். இதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பெண், "நான் இங்கேயே சேரலாமா, சார்?" என்று கேட்டாள்.

நேரில் வந்ததன் பலன் அப்போதுதான் தெரிந்தது. சேர முடியாது! சர்வகலாசாலைகளின் வம்சாவளி சற்றுச் சிக்கலானது. மைசூர் சர்வகலாசாலை 1916ல் உண்டானதும் ஸென்ட்ரல் காலேஜ் சென்னையை விட்டு அதனுடன் சேர்ந்தது. 1964ல் பெங்களூர் சர்வகலாசாலை பிறந்தபோது அதன் அஸ்திவாரமாயிற்று. பின்னர் அந்தச் சர்வகலாசாலை ஊருக்கு மேற்கே ஞானபாரதி என்னும் விசாலமான இடத்துக்குப் பெயர்ந்து விட்டது. 'பெங்களூர் யூனிவர்ஸிட்டி' என்று சொல்லி ஆட்டோவில் ஏறுகிறவர்களை ஓட்டுநர் பல கிலோமீட்டர் தள்ளி அங்கேதான் கொண்டுபோய் விடுவார்; அவர்மேல் தப்பில்லை. 2017ல் அது பிரிக்கப்பட்டதில் ஸென்ட்ரல் காலேஜ் வளாகம் இன்னொரு சர்வகலாசாலைக்குத் தலைமை இடமாயிற்று. அதுவே பெங்களூர் நகர சர்வகலாசாலை. அதற்கு டாக்டர் மன்மோகன் சிங்கின் பெயரைச் சூட்டுவதாக 2025ல் அறிவிப்பு வந்தது. பெரும்பாலும் எம்.ஏ., எம்.எஸ்ஸி. போன்ற மேல் வகுப்புகளே இங்கே நடக்கின்றன. ராஜாஜி பி.ஏ. படித்த இடத்தில் நம் பெண் பி.எஸ்ஸி.க்குச் சேருவதற்கில்லை.

அவள் முகம் வாடியதைப் பார்த்து எதிர்ச் சாரிக்கு அழைத்துப் போனோம். மகாராணியின் பெயரால் வழங்கும் பெண்கள் கலாசாலை அங்கே இருக்கிறது. விஞ்ஞானம், கலை, வர்த்தகம் எல்லாம் பெண்களுக்கென்றே நடக்கின்றன. இப்போது இதுவும் 'மகாராணி கிளஸ்டர் சர்வகலாசாலை' என்று தனிச் சர்வகலாசாலை ஆகிவிட்டது. அப்போது ஏதோ ஒரு வகுப்பு முடிந்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பெண்கள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். பட்டணத்து நாகரிகத்தில் தோய்ந்தவர்களாக எவரும் தோன்றவில்லை. பாதிப் பேர் தும்கூரிலிருந்தும் கோலாரிலிருந்தும் ரயிலேறி வந்தவர்களைப் போலத்தான் இருந்தார்கள். சோற்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, தலையில் பூவுடன், சத்தமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். தகப்பனார் வெகு நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நம்ம ஊருப் புள்ளைங்க மாதிரியேதான் இருக்காங்க" என்றார்.

சற்றுத் தள்ளி, சேஷாத்ரி ரோட்டில் ஃப்ரீடம் பார்க். முன்பு இது மத்தியச் சிறைச்சாலை. 1975ல் நெருக்கடி நிலையின்போது வாஜ்பாயும் அத்வானியும் அடைபட்டிருந்த இடம். 2008ல் பூங்காவாகத் திறந்தார்கள். பெண்கள் காலேஜுக்கு அருகில் ஜெயில் இருந்ததையும், அந்த ஜெயில் இப்போது பூங்கா ஆகிவிட்டதையும் எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது.

ஒரு பையன் மனம் மாறியது

வந்த வழியே திரும்பி, ஸென்ட்ரல் காலேஜை ஒட்டி நடந்தால் கே.ஆர். சர்க்கிள். நடுவில் நாலாவது கிருஷ்ணராஜ உடையாரின் சிலை. ஓரத்தில் விசுவேசுவரய்யா இஞ்சினீயரிங் காலேஜ். திவானாக இருந்த காலத்தில், 1917ல், அவரே ஏற்படுத்தியது. சமீபத்தில் இதற்கும் தனிச் சட்டத்தின் மூலம் சர்வகலாசாலை அந்தஸ்து கிடைத்திருக்கிறது. இஞ்சினீயர் பையன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தான்.

அவனிடம் கசப்பான விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. இங்குள்ள இடங்களில் பெரும்பாலானவை கர்நாடக அரசாங்கத்தின் பொதுத் தேர்வின் மூலம் நிரப்பப்படுகின்றன. அந்த ராஜ்யத்தில் இத்தனை வருஷம் படித்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. நமது ராஜ்யம் வழங்கிய ஜாதிச் சான்றிதழ் அங்கே உள்ள ஒதுக்கீட்டுக்கு உதவாது. அதைவிட முக்கியம், தமிழ்நாட்டை விட்டுப் போனால் அவன் இழப்பது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசாங்கப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற் படிப்புகளில் நூற்றுக்கு 7.5 இடங்களை 2021ஆம் வருஷச் சட்டம் ஒதுக்குகிறது. அப்படிச் சேருகிறவர்களின் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்கிறது. எல்லையைத் தாண்டினால் அது கூட வராது. நம் ஜில்லாவிலேயே பர்கூரில் 1994லிருந்து அரசாங்க இஞ்சினீயரிங் காலேஜ் இருக்கிறது. "அழகான கட்டடத்துக்காக ஏழரையைக் கைவிடாதே" என்றோம். 'ஏழரை' என்றதும் சனி பகவானை நினைத்துப் பையன் சிரித்துவிட்டான். பர்கூருக்கு விண்ணப்பம் போடுவதென்று அங்கேயே தீர்மானமாயிற்று. பார்த்துவிட்டு வேண்டாமென்பதும் பார்த்ததன் லாபந்தான்.

காசில்லாமல் உட்கார ஓர் இடம்

அங்கிருந்து அம்பேத்கர் வீதியில் நடந்தால் இடப்புறம் விதான சௌதா எழுகிறது. கே.சி. ரெட்டி முதல் மந்திரியாக இருந்தபோது, 1951ல் ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1956ல் முடிந்த வெண்கல் மாளிகை. எதிரே செந்நிறத்தில் 1868ஆம் வருஷத்து அட்டாரா கச்சேரி, இப்போது ஹைகோர்ட்டு. இவற்றைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் அங்கே நடந்த ஒரு சிறு விஷயத்தைச் சொல்ல வேண்டும். விதான சௌதாவின் நெற்றியில் கன்னடத்தில் பொறித்திருக்கும் வாசகத்தை அந்தப் பெண் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள்! கன்னடம் அவள் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. பாட்டியிடம் தெலுங்கு எழுத்துக் கற்றிருக்கிறாள். இரண்டு லிபிக்கும் அவ்வளவு நெருக்கம். 'அரசாங்க வேலை தெய்வத்தின் வேலை' என்பது பொருள். "அப்போ ஆபீஸிலே ஏன் நாளைக்கு வான்னு சொல்றாங்க, நாயனா?" என்று தகப்பனாரைக் கேட்டாள். காலையில் ஒரு கலாசாலையின் ஆபீஸில் நாம் விவரம் கேட்கப் போனபோது கிடைத்த பதில் அதுதான்.

பாஷை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பெங்களூர் ஹைஸ்கூலுக்குத் தலைமை ஆசிரியராக வந்த லூயிஸ் ரைஸ் என்னும் ஆங்கிலேயர், பிற்பாடு மைசூர் நாட்டுக் கல்வெட்டுகளையெல்லாம் திரட்டி, 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற பெயரில் பல தொகுதிகளாக வெளியிட்டார். பெங்களூர் ஜில்லாவுக்கான தொகுதியில் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோவில் சுவர்களில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். பெங்களூரில் தமிழ் பேசுகிறவர்களும் நம் ஊரில் கன்னடம் பேசுகிறவர்களும் நேற்று வந்து குடியேறியவர்கள் அல்லர். ஆனாலும் அங்கே படிக்கப் போகிறவர்கள் கன்னடம் கற்றுக்கொள்வது மரியாதை. கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை அவருடைய பாஷையில் பேசினால் முகம் மலர்வதை அன்று முழுவதும் பார்த்தோம்.

ஹைகோர்ட்டுக்குப் பின்புறம் கப்பன் பார்க். 1870ல் தலைமை இஞ்சினீயர் சாங்கி திட்டமிட்டு அமைத்தது. சாமராஜேந்திர பார்க் என்று 1927ல் பெயர் மாற்றினார்கள், ஆனால் பழைய பெயர்தான் வாயில் நிற்கிறது. மூங்கில் புதர்களின் நிழலில் உட்கார்ந்து கட்டுச் சோற்றை அவிழ்த்தோம்.

நகரத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணாக்கருக்கு நாம் சொல்லும் பரீட்சை ஒன்று உண்டு. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையே இரண்டு மணி நேரம் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு அறுபது கிலோமீட்டருக்கு அப்பால். பையில் பஸ்ஸுக்கான காசு மட்டுமே இருக்கிறது. ஒன்றும் வாங்காமல், "இங்கே என்ன வேலை?" என்று யாரும் கேட்காமல், அந்த இரண்டு மணி நேரம் எங்கே உட்காரலாம்? பெண்ணாக இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. காப்பிக் கடையில் உட்காரக் காப்பி வாங்க வேண்டும். சினிமாவுக்கு டிக்கெட் வேண்டும். புதுப் பெரிய அங்காடிகளில் வாசற்காவலர் செருப்பைப் பார்த்தே ஆளை எடை போடுகிறார். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு எந்த நகரமும் நகரந்தான். நம் பிள்ளைக்கு உட்கார இடம் தரும் நகரமே சர்வகலாசாலை நகரம்.

கப்பன் பார்க்குக்குள்ளேயே அந்த இடம் இருக்கிறது. செங்காவி வர்ணமும் வெள்ளைத் தூண்களுமாக, முன்னால் ரோஜாப் பாத்திகளுடன் நிற்கும் சேஷாத்ரி ஐயர் ஞாபகார்த்த மண்டபம். 1915ல் கட்டியது, ராஜ்ய மத்திய நூல் நிலையம் இதில்தான் இயங்குகிறது. 1883 முதல் 1901 வரை மைசூரின் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர். காவேரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தவர். அந்த மின்சாரம் 1905ல் பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கேற்றியது. உள்ளே போனோம். உயர்ந்த கூரை, நீண்ட மேஜைகள். பத்திரிகை புரட்டும் பென்ஷன்தாரர்கள், உத்தியோகப் பரீட்சைக்குக் குறிப்பெழுதும் இளைஞர்கள், ஜன்னலோரத்தில் மூன்று பெண்கள். யாரும் நம்மை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நம் பெண் சப்தமின்றி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுப்பிக் கொண்டு வர அரை மணி நேரம் ஆயிற்று.

தகப்பனாரின் கவனம் வேறு விஷயங்களில் இருந்தது. சுத்தமான கழிப்பிடம் எங்கே, குடிதண்ணீர் எங்கே, மெட்ரோ வாசலுக்கு எத்தனை நிமிஷம், மாலையில் விளக்கு இருக்குமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அவர் கேட்ட கேள்விகளை எந்தக் காலேஜ் விளம்பரப் புத்தகமாவது அச்சிட்டால் நாம் காசு கொடுத்து வாங்குவோம். கழிப்பிடங்களைப் பற்றி அவருக்குப் பூரண திருப்தி ஏற்படவில்லை, நமக்கும் இல்லை.

நிருபதுங்கா ரோடு வழியாகக் கீழே நடந்தோம். இந்த ஒரே ரஸ்தாவில், முன்பு அரசாங்க விஞ்ஞானக் கல்லூரியாக இருந்து இப்போது நிருபதுங்கா சர்வகலாசாலை ஆகிவிட்ட ஸ்தாபனமும், 1909ல் தொடங்கிய மிதிக் சொஸைட்டி என்னும் சரித்திர ஆராய்ச்சிச் சங்கமும் இருக்கின்றன. காலையிலிருந்து எண்ணினால் இது நாலாவது சர்வகலாசாலை! ஒரு மைல் சுற்றளவில் நாலு என்றால் பெருமைதான்; ஆனால் எந்தக் காலேஜ் எந்தச் சர்வகலாசாலையின் கீழ் இருக்கிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்வதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடுகிறது. வர்த்தகம் படிக்க விரும்பும் பையனுக்கு இதிலெல்லாம் சிரத்தையில்லை. ரிஸர்வ் பாங்குக் கட்டடத்தைப் பார்த்ததும் அவனுக்குத் திருப்தி ஏற்பட்டுவிட்டது.

சான்றிதழ்களைப் பற்றிச் சொல்லுகிறோம் என்றோமல்லவா? வேறு ராஜ்யத்தில் பள்ளிப் படிப்பு முடித்தவர்களிடம் இங்குள்ள சர்வகலாசாலைகள் தகுதிச் சான்றிதழ் கேட்பது வழக்கம். நம் பரீட்சை போர்டிலிருந்து இடப்பெயர்வுச் சான்றிதழும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மார்க்குப் பட்டியலின் நகல்கள் நிறைய வேண்டும். மொழிப் பாடமாகத் தமிழ் எடுக்க விரும்பினால், குறிப்பிட்ட காலேஜில் அதற்கு ஆசிரியர் உண்டா என்று சேருமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். சேர்ந்தபின் கேட்டுப் பயனில்லை. நம் அரசாங்கம் கொடுக்கும் உதவித் தொகைகளில் எவை வெளி ராஜ்யத்தில் படிப்பவர்களுக்குப் பொருந்தும் என்பதைத் தலைமை ஆசிரியர் மூலம் எழுத்தில் தெரிந்துகொள்வது உத்தமம்.

பழைய புஸ்தகக் கடைத் தெரு

ஹட்ஸன் சர்க்கிளிலிருந்து கெம்பகௌட ரோட்டில் திரும்பினால் மைசூர் பாங்கு சர்க்கிள். 1913ல் தோன்றிய மைசூர் பாங்கு 2017ல் ஸ்டேட் பாங்கில் கலந்துவிட்டது; சர்க்கிளின் பெயர் மட்டும் மாறவில்லை. 1942ஆம் வருஷம் 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சியில் பெங்களூர் மாணாக்கர்கள் வகுப்புகளை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். இந்த இடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது; உயிர் நீத்தவர்களின் நினைவுச் சின்னம் போக்குவரத்தின் இரைச்சலுக்கு நடுவே நிற்கிறது. ஒரு நிமிஷம் நின்றோம். பஸ் ஹாரன்கள் அதற்கு மேல் நிற்க விடவில்லை.

இங்கிருந்து தெற்கே இறங்குவது அவென்யூ ரோடு. 1537ல் கெம்பகௌடர் நிர்மாணித்த பேட்டையின் பெரிய தெரு. தொட்டபேட்டை என்பது பழைய பெயர். குறுகலான தெரு; இரண்டு பக்கமும் புஸ்தகக் கடைகள். நடைபாதையில் மார்பளவு உயரத்துக்குப் பழைய பாடப் புஸ்தகங்கள் அடுக்கியிருக்கின்றன. சென்னை மூர்மார்க்கெட்டைத் தெரிந்த பெரியவர்கள் இங்கே வந்தால் ஒரு பெருமூச்சு விடுவார்கள். பி.எஸ்ஸி. முதல் வருஷ ரசாயனப் புஸ்தகம் ஒன்றை அந்தப் பெண் எடுத்துப் புரட்டினாள். முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் ஓரக் குறிப்புகள் எழுதியிருந்தார். அட்டையில் போட்டிருந்த விலையில் பாதிக்கும் குறைவாகக் கடைக்காரர் கேட்டார்; தகப்பனார் கன்னடத்தில் இன்னும் கொஞ்சம் குறைத்தார். வருஷ முடிவில் திருப்பிக் கொடுத்தால் ஒரு பகுதிப் பணம் திரும்பி வரும் என்று கடைக்காரர் தாமாகவே சொன்னார். பையன்கள் இருவரும் உடனே கணக்குப் போட ஆரம்பித்தார்கள். மூன்று வருஷப் பாடப் புஸ்தகச் செலவு, இந்தத் தெருவை அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் வெகுவாக வித்தியாசப்படும்.

தெருவின் கோடியில் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட். மெட்ரோ நிலையம் அங்கேயே இருப்பதால் திரும்பும் பிரயாணம் சுலபம், ஆர்.வி. ரோட்டில் ஒரே ஒரு மாற்றந்தான். காலையிலிருந்து நடந்தது ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். ஆனால் தகப்பனார் மார்க்கெட் வாசலில் அசையாமல் நின்றுவிட்டார். பூ மண்டியின் பக்கம் கையைக் காட்டி, "அங்கதான், சார், நான் பூ இறக்கறது. பதினஞ்சு வருஷமா வர்றேன். விடியக்காலம் மூணு மணிக்கு வந்து அஞ்சு மணிக்குத் திரும்பிடுவேன். இந்தத் தெரு ஏறிப் போனா காலேஜு இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார். மார்க்கெட்டிலிருந்து மகாராணி கலாசாலை வாசலுக்கு நடந்தால் முக்கால் மணி நேரம் கூட ஆகாது.

மண்டிக்குள் போய் அவருக்குத் தெரிந்த வியாபாரியைப் பார்த்தோம். பெண்கள் தங்கும் விடுதிகளைப் பற்றியும், ஓசூருக்குக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பற்றியும் இருவரும் கன்னடத்தில் வெகு நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு தகப்பனார் நம் பக்கம் திரும்பி, "விண்ணப்பம் எப்பக் கொடுப்பாங்க, சார்?" என்று கேட்டார். பரீட்சை முடிவு வெளியாகும் சமயத்தில், மே மாத வாக்கில் என்றோம். கம்பெனிக்குப் போடும் விண்ணப்பமும் வீட்டில் இருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும் என்றார். யோசிக்கட்டும் என்று நாமும் வற்புறுத்தவில்லை. அவர் பூ ரசீதின் பின்புறத்தில் 'மே, மகாராணி' என்று தெலுங்கில் எழுதி மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.